துண்டு போட்ட நாற்காலி

சீத்தக்காட்டுப்புதூரில் ஒருவர் ஓரிடத்தில் இருக்கிறார் என்று சொல்ல அவர் அங்கே இருந்தாக வேண்டிய அவசியம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, அவருடைய துண்டு இருந்தால் போதும். டவுன் பஸ் ஜன்னல் வழியே எறிந்த துண்டு, ரேஷன் கடை வாசலில் கல் வைத்த துண்டு, கிடாவெட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால் விரித்த துண்டு, தேரோட்டத்தன்று மத்தியானம் எந்தப் பக்கம் நிழல் விழும் என்று கணித்துக் காலையிலேயே போட்டுவைத்த துண்டு என்று ஊரே துண்டால் அளந்து துண்டால் ஆண்டுகொண்டிருந்தது, துண்டு போட்டவன் செத்தே போனாலும் அன்று சாயங்காலம் வரைக்கும் அந்த இடத்தில் இன்னொருத்தன் உட்காரமாட்டான், அவ்வளவு நாகரிகமான ஊர்.

அந்த ஊருக்கு விமானம் வந்தது. வந்த வழி சாதாரணமானதுதான். ஊருக்கு மேற்கே இருந்த ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஏதோ ஒரு குளிர் நாட்டிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது, குளியலறையில் அழகுக்குத் தொங்கவிடுகிற டர்க்கி டவல், ஒவ்வொன்றிலும் எண்பது வருஷத்துக்கு முந்தைய போர்விமானம் ஒன்றின் கறுப்பு வெள்ளைப் போட்டோ, ரெட்டை இறக்கை வைத்தது, நாலு காத்தாடி வைத்தது, மூக்கில் பல் வரைந்தது என்று பன்னிரண்டு வகை. இருபத்திரண்டு வருஷமாக அங்கே செக்கிங் டேபிளில் நின்று பிசிறு பார்த்த துளசிமணி சூப்பர்வைசரிடம், "இதுல தொடைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்குதே, தொடைக்காத துண்டு எதுக்குங்க?" என்று கேட்டாள். "பாக்கறதுக்கும்மா," என்றார் அவர். "துண்டப் பாத்தா ஈரம் போயிருமாங்க?" என்று அவள் கேட்டதும் அவர் அடுத்த டேபிளுக்கு நகர்ந்துவிட்டார், ஏற்றுமதித் தொழிலில் எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்தவர்கள் சூப்பர்வைசராக இருப்பதில்லை.

பெட்டி கட்டி முடித்த வாரம் அந்த நாட்டு ஜனங்களுக்கு விமானப் படம் சலித்து மீன் படம் பிடித்துப்போய்விட்டது, ஆர்டர் ரத்து. முதலாளி பழனிவேலப்பன் துக்கத்தை மூன்று நாளில் ஆற்றிக்கொண்டு, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸுக்குப் பதிலாக வேலைக்காரர்கள் வீட்டுக்கு ஆறு துண்டு கொடுத்தார். தன்னுடைய தொழிலாளிகளின் வீட்டுக்கு விமானத்தையே அனுப்பிய முதலாளி இந்த ஜில்லாவில் வேறு யார் என்று மைக்கில் கேட்டார், கை தட்டினார்கள், தட்டாமல் இருந்தால் ஸ்வீட் வந்துவிடப் போகிறதா என்ன.

தீபாவளி கழிந்த திங்கட்கிழமை ஏழு பத்து பஸ்ஸுக்கு துளசிமணி அந்தத் துண்டில் ஒன்றைத்தான் எடுத்துப்போனாள், முழங்கால் வலிக்காரியான தன் சிநேகிதி ராஜாமணிக்கு இடம் பிடிக்க ஜன்னல் வழியே எறிந்தாள். கொசுவலை விற்கிற ஒருவர் துண்டை நகர்த்திவிட்டு உட்காரப் போனார். துண்டிலிருந்த ரெட்டை இறக்கை விமானம் செருமி, காத்தாடியைச் சுற்றி, அந்தத் துணியின் மேலேயே ஒரு முழம் ஓடி எழும்பிப் பறந்தது. காக்கை அளவுதான் இருக்கும், போட்டோவில் இருந்தபடியே கறுப்பு வெள்ளையாகவே பறந்தது, உள்ளே கட்டைவிரல் உயரத்தில் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரன் இருந்தான், யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றி வந்து கொசுவலைக்காரரின் கண்ணில் சோப்புத் தண்ணியால் சுட்டான். ராஜாமணி நொண்டிக்கொண்டு ஏறி வந்து உட்கார்ந்ததும் விமானம் இறங்கித் துண்டுக்குள் படிந்துகொண்டது.

பஸ்ஸில் ஒருவரும் கத்தவில்லை. கண்டக்டர் மட்டும் இது லக்கேஜில் சேருமா பாசஞ்சரில் சேருமா என்று யோசித்து, உயரத்தைக் கையால் அளந்து பார்த்து, "அஞ்சு வயசுக்குக் கீழ, டிக்கெட் இல்ல," என்றார். எண்பது வருஷத்து விமானம் எப்படி அஞ்சு வயசு ஆகும் என்று டிரைவர் முன்னாலிருந்து கேட்டார். காவிரிப் பாலம் வரைக்கும் அந்த வாதம் ஓடியது, கண்ணெரிச்சலில் இருந்த கொசுவலைக்காரரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதில் கலந்துகொண்டார்.

போர்விமானம் கிடைத்தால் மற்ற ஜனங்கள் என்ன செய்வார்களோ தெரியாது, பக்கத்து நாட்டின் மேல் குண்டு போடுவார்களாய் இருக்கும். சீத்தக்காட்டுப்புதூர்க்காரர்கள் இடம் பிடித்தார்கள். பத்து நாளில் ஊரின் காலியிடம் முழுக்கத் துண்டு விழுந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் பெஞ்சு, ஆஸ்பத்திரி வரிசை, வேப்பமர நிழல், ஏரிப் புறம்போக்கு, இன்னும் கட்டி முடியாத சமுதாயக் கூடத்தின் முதல் வரிசை என்று எங்கே பார்த்தாலும் துண்டு, ஒவ்வொரு துண்டுக்கு மேலும் ஒரு விமானம் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது, மனிதர்கள் குனிந்து நடக்கப் பழகினார்கள், காக்கைகள் வெளியூர் போயின. சோப்புத் தண்ணி ஓயாமல் சிந்தியதில் தெரு சுத்தமாகிவிட்டது என்று வார்டு மெம்பர் அதைத் தன்னுடைய சாதனையாக நோட்டீஸ் அடித்தார். போலீசுக்கு ஒரு மனு போனது, வந்து பார்த்த ஏட்டு, விமானம் ஆகாய விவகாரம், ஸ்டேஷன் எல்லை தரையோடு சரி என்று எழுதி வைத்துவிட்டு, போகும்போது தன் சைக்கிளுக்கு ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போனார்.

வினை அதற்கப்புறம்தான் தெரிந்தது. துண்டைப் போடும்போது வாய் யாருக்கு என்று சொன்னாலும் சரி, மனசுக்குள்ளே யாருக்காகப் போட்டோமோ அந்த ஆளை மட்டும்தான் விமானம் உட்காரவிடும். கூட்டுறவு பாங்கி குமாஸ்தா சினிமாக் கொட்டகையில் சம்சாரத்துக்கென்று துண்டு போட்டார், சம்சாரத்தின் கண்ணில் சோப்புத் தண்ணி விழுந்தது, பின்வரிசை டீச்சர் ஒருத்தி வழிதவறி வந்தபோது விமானம் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது, குமாஸ்தா அன்றிலிருந்து ஹோட்டலில் சாப்பிடுகிறார். மாரியம்மனுக்கென்று தர்மகர்த்தா போட்ட துண்டில் அம்மனின் உற்சவர் சிலையையே வைக்கமுடியவில்லை, அவருடைய மருமகன் போய் உட்கார்ந்தான். பொதுமக்களுக்காக என்று வார்டு மெம்பர் புறம்போக்கில் போட்ட துண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவருடைய மச்சினன் அதில் இப்போது மாட்டுக் கொட்டகை கட்டியிருக்கிறான்.

வேறு ஊராக இருந்தால் துண்டைத் தீயில் போட்டிருப்பார்கள். இந்த ஊர் அதைச் சாட்சி ஆக்கிக்கொண்டது. அடுத்தவன் மனசைக் கண்டுபிடிக்க இவ்வளவு சௌகரியமான வழி கிடைத்திருக்கும்போது அதை விடுவதா. பொண்ணு பார்க்கப் போகிறவர்கள் துண்டு கொண்டுபோனார்கள், பாகம் பிரிக்கிறவர்கள் துண்டு கொண்டுவந்தார்கள், தன் துண்டை யாரும் போடாமல் அடுத்தவரைப் போடச் சொன்னார்கள். ஆறே மாதத்தில் ஊரில் இருந்த அன்பெல்லாம் சோதிக்கப்பட்டு ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் துளசிமணியின் மகள் ஹேமலதாவுக்குக் காங்கேயத்து மாப்பிள்ளை அமைந்தான். பையனுக்கும் பொண்ணுக்கும் ஒருவரை ஒருவர் அப்படிப் பிடித்துப்போனது, ஜாதகமும் சேர்ந்தது, எல்லாம் சேர்ந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா பாப்பாத்தியம்மாள் ஒன்றைக் கேட்டாள்.

"பொண்ணுக்கு மாமன் இருக்கறாருங்களா?"

இருக்கிறான். துளசிமணியின் கூடப்பிறந்த தம்பி சென்னியப்பன், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம், அப்பன் வீட்டின் கிழக்குப் பாதியில் இருக்கிறான், ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. காரணத்தைக் கேட்டால் சின்னதாகத் தோன்றும், ஊரில் ஒருவருக்கும் அது சின்னதாகத் தோன்றவில்லை. சென்னியப்பன் வீடு புதுப்பித்து, கிரகப்பிரவேசம் மாதிரி புண்ணியார்ச்சனை செய்தபோது பத்திரிகை அடித்தான், அதில் கூடப்பிறந்த அக்காவின் பெயரைத் தன் பெண்டாட்டியின் தங்கைக்குக் கீழே, மூன்றாவதாகப் போட்டான். அச்சாபீஸ்காரன் செய்த தப்பு என்றான், தப்பென்றால் திருத்தி அடித்திருக்கலாமே என்றாள் துளசிமணி, ஒரு பேருக்காக ஐந்நூறு பத்திரிகையைக் கிழிக்கச் சொல்கிறாயா என்றான் தம்பி, ஆமாம் என்றாள் அக்கா. கிழிக்கவில்லை. அன்றோடு சுவர் சுவராகிவிட்டது.

"மாமன் சபைல உக்காராம எங்கள்ல தாலி ஏறாதுங்க," என்றாள் பாப்பாத்தியம்மாள். "ஊருக்கு முன்னால சும்மா வந்து உக்காந்துட்டுப் போறதும் ஆவாது. மாமன் சேர்ல நீங்களே துண்டு போடோணும். மனசோட கூப்பிட்டீங்களான்னு வெமானம் சொல்லட்டும். ஒட்டாத குடும்பத்துல பொண்ணெடுத்து நான் என்ன பண்றது?"

துளசிமணியின் புருஷன் வேலுச்சாமி எல்லாவற்றுக்கும் சரிங்க என்று சொல்கிற மனிதர், இதற்கும் சொன்னார். ஹேமலதா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் துளசிமணி கோபப்பட்டிருக்கலாம், கேட்காமல் பார்த்ததற்குக் கோபப்பட வழியில்லை.

அச்சாபீஸிலிருந்து பத்திரிகை வந்த அன்றே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு அதையும் வைத்து எடுத்துக்கொண்டு துளசிமணி தம்பி வாசலில் போய் நின்றாள். ஒன்பது வருஷத்தில் அவனுக்கு வழுக்கை விழுந்திருந்தது, சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தும் அது அவளுக்குத் தெரியாது.

"ஹேமா கண்ணாலம். ஆவணி பத்தாந்தேதி. மாமன் வரோணும்."

"வாரனுங்," என்றான் சென்னியப்பன், கூடப்பிறந்தவளை 'ங்' போட்டுப் பேசினால் அதற்கு அர்த்தம் மரியாதை அல்ல, தூரம். பத்திரிகையைப் பிரிக்காமல் டி.வி. மேல் வைத்தான். "துண்டு போடறீங்களாமா."

"போடச் சொல்லியிருக்காங்க."

"போட்டு, ஊருக்கு முன்னால என்ற கண்ணுல சோப்பு அடிக்கறதுக்கா?"

"வந்து பாரு," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. நாற்பது நாளும் அவள் நகைக்கும் புடவைக்கும் அலைந்ததைவிடத் தம்பிமேல் பாசம் வரவழைக்க அலைந்தது அதிகம். தினமும் வேலையிலிருந்து வந்ததும் வீட்டு நாற்காலியில் துண்டைப் போட்டு, கண்ணை மூடி, சின்ன வயசில் அவன் தனக்காகச் செய்ததையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். கிணற்றில் விழுந்த செருப்பை இறங்கி எடுத்துக்கொடுத்தான், அவள் மஞ்சள்காமாலையில் படுத்தபோது பரட்டைத் தலையோடு கட்டிலின் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தான், அவளைக் கட்டிக்கொடுத்த அன்று சோறு தின்னவில்லை. எல்லாம் நன்றாகத்தான் வரும், பால் பொங்கி வருவது மாதிரி பொங்கி விளிம்புக்கு வரும், சரியாக அந்த இடத்தில் மஞ்சள் பத்திரிகை ஒன்று கண்முன்னால் விரிந்து அதில் மூன்றாவது பெயராக அவள் நிற்பாள். ஆறிப்போகும். "நெனச்சாத்தான் கோவம் வருது, நெனைக்காம இருந்துட்டா பாசம் இருந்தாலும் இருக்கும்," என்றார் வேலுச்சாமி. அவர் சொன்னதிலேயே உருப்படியானது அது ஒன்றுதான், ஆனால் நினைக்காமல் துண்டு போடுவது எப்படி என்று அவரும் சொல்லவில்லை.

ஆவணி பத்தாம் தேதி மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்கு எதிரே முதல் வரிசை நடுவில் சிவப்பு வெல்வெட் போட்ட மாமன் நாற்காலி, அதன்மேல் துளசிமணி தன் கையாலேயே விரித்த துண்டு, பல் வரைந்த விமானம். அறுநூறு பேரும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்காமல் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், சமையல்காரர்கூடக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முதலில் வந்தது முதலாளி பழனிவேலப்பன். எந்த விசேஷத்திலும் நடு நாற்காலி தனக்குத்தான் என்பது அவருக்குப் பிறவியிலேயே தெரியும், துண்டைப் பார்த்ததும் 'நம்ம கம்பெனி சரக்கு' என்று மகிழ்ந்துபோய் உட்காரக் குனிந்தார். பல் விமானம் எழுந்து தன்னை நெய்த கையா, தந்த கையா என்றெல்லாம் பார்க்கவில்லை. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்காவது வரிசைக்குப் போனதை அவருடைய தொழிலாளிகள் மிகுந்த வருத்தத்தோடு, ஒருவர் விடாமல், திரும்பி நின்று பார்த்தார்கள்.

முகூர்த்தத்துக்குப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது சென்னியப்பன் வந்தான். புது வேட்டி, கையில் சீர்த்தட்டு, பின்னால் பெண்டாட்டி, அவளுக்குப் பின்னால் அந்தப் பத்திரிகைத் தங்கையும். நாதஸ்வரக்காரர் சீவாளியை எடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். சென்னியப்பன் தட்டை மேடையில் வைத்துவிட்டுத் திரும்பி நாற்காலியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், தூக்குமேடைக்குப் போகிறவன்கூட இன்னும் கொஞ்சம் வேகமாகப் போவான், அப்படி நடந்தான். துளசிமணி கண்ணை மூடிக்கொண்டு, கிணறு, செருப்பு, மஞ்சள்காமாலை என்று மனசுக்குள் மந்திரம் மாதிரி ஓட்டினாள்.

காத்தாடிச் சத்தம் கேட்டது.

அவள் கண்ணைத் திறந்தபோது விமானம் சென்னியப்பனின் நெற்றிக்கு நேரே வந்து, மற்றவர்களுக்கு அடித்ததைவிட இரண்டு பங்கு அடித்துவிட்டு, நாற்காலிக்கு மேலே நிதானமாக வட்டமிட்டுக்கொண்டிருந்தது. சோப்பு நுரை அவன் மீசையிலிருந்து புதுச்சட்டையில் சொட்டியது. அவள் பொய்க்காரி என்று அவளுடைய கம்பெனித் துணியே சபையில் சொல்லிவிட்டது. நாற்பது நாள் முயன்றும் தன்னிடம் இல்லாத ஒன்றை இனி எங்கே போய் வாங்கிக்கொண்டு வருவது. மேடையில் ஹேமலதாவின் கண் நிறைந்துவிட்டது.

பாப்பாத்தியம்மாள் எழுந்தாள். "பாத்துட்டமுங்க. மனசுல எடமில்லாத மாமன வெச்சுட்டு எப்புடிங்க நாங்க தாலி..."

"சம்பந்தி," என்றாள் துளசிமணி. நடந்துபோய் நாற்காலியிலிருந்து துண்டை எடுத்தாள், பறந்துகொண்டிருந்த விமானத்தை ஈசலைப் பிடிப்பதுபோல எட்டிப் பிடித்துத் துண்டில் அழுத்தி இரண்டாக மடித்தாள். மடித்த துண்டைக் கொண்டுபோய் பாப்பாத்தியம்மாளின் முன்னால் நீட்டினாள். "நீங்க சொல்றது நாயந்தானுங்க. உங்கூட்டுக்கு வர்ற பொண்ணுக்கு ஒரு எடம் வேணுமில்லீங்க. மேடைல மாப்பிள்ளைக்குப் பக்கத்துல மணையில இத நீங்க போடுங்க. என்ற மகளுக்குன்னு போடுங்க. அவ உக்காரட்டும், பாத்துரலாம்."

பாப்பாத்தியம்மாள் துண்டைப் பார்த்தாள். மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தான். பாப்பாத்தியம்மாள் முன்பு மருமகளாக்கிக்கொள்ள நினைத்திருந்த அவள் அண்ணன் மகள் மூன்றாவது வரிசையில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவளையும் இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். பாப்பாத்தியம்மாளின் கை துண்டை நோக்கி வரவே இல்லை.

"யாருக்காச்சும் போடோணுமுங்களா?" என்று துளசிமணி சபையைப் பார்த்துக் கேட்டாள். "புருசனுக்கு, பொண்டாட்டிக்கு, பெத்தவிகளுக்கு, ஆருக்கு வேணாலும் போடலாமுங்க."

ஆண்கள் செல்போனைப் பார்த்தார்கள். பெண்கள் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டார்கள். தர்மகர்த்தா விசிறியைத் தேடினார்.

"நேரமாச்சுதுங்க," என்றாள் பாப்பாத்தியம்மாள் யாரிடமோ. "நல்ல நேரம் போயிரும். மேளத்த அடிக்கச் சொல்லுங்க."

துளசிமணி திரும்பித் தம்பியிடம் வந்தாள். அவன் இன்னும் அதே இடத்தில், ஒரு கண் மூடி ஒரு கண் சிவந்து நின்றுகொண்டிருந்தான்.

"மனசுல எடமில்லடா," என்றாள், ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக 'டா' போட்டு. "தேடிப் பாத்துட்டேன், இல்ல. நாற்காலி இருக்குது. உக்காரு."

"நானும் ஒண்ணும் மனசோட வரலீக்கா," என்றான் சென்னியப்பன். "வரலீன்னா ஊரு பேசும்னுதான் வந்தேன்."

"தெரியும்."

"பத்திரிகையக்கூட இன்னும் பிரிச்சுப் பாக்கல. என்ற பேர எங்க போட்டிருக்கற?"

மேளக்காரர் குச்சியைத் தூக்கியபடியே காத்திருந்தார்.

"பதினாறாவதா," என்றாள். "சமையல்காரருக்கு மேல."

சென்னியப்பன் அதை யோசித்தான். அப்புறம் நுரை வழியும் மீசைக்குள் அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் சிரிப்பதைப் பார்த்துத் துளசிமணிக்கும் வந்தது. "பரவால்ல," என்று சொல்லி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.